பிளக்கைப் பிடுங்காதீங்க

பெட்டிக்காரர் குனிந்து, மேசைக்கடியில் கையை விட்டு, சுவரிலிருந்த பெரிய பிளக்கைப் பிடித்தே விட்டார். ஒரே ஒரு இழுப்புதான் பாக்கி.

"யாருங்க அது! அதுல கை வைக்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் ஹாலில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து வாயே திறக்காதவள். டாக்டர் வந்து கையை விரித்துவிட்டுப் போனபோதும் அழவில்லை. நாலு பேர் சேர்ந்து புருஷனை நாற்காலியிலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஹாலில் கிடத்தியபோதும் பின்னால் போகவில்லை. அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணும் இந்தக் கடை அறையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அதிர்ச்சியில் பிரமை பிடித்துவிட்டது என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிரமையெல்லாம் ஒன்றுமில்லை. காவலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டிக்காரர் பாவம், கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஃப்ரீசர் பெட்டி மாட்டணும்மா. உங்க வீட்டுல பெரிய பாயின்ட் இது ஒண்ணுதான் இருக்கு."

"ஹால்ல மாட்டுங்க."

"அது சின்ன பாயின்ட்டும்மா, தாங்காது. வேணும்னா பக்கத்து வீட்டுலேருந்து ஒயர் இழுத்துக்கறேன். எங்கே மாட்டினாலும் மோட்டார் ஓட ஆரம்பிக்கறப்போ கொஞ்சம் இழுக்கும். ரெண்டு செகண்டு லைட்டு மங்கும், அப்புறம் சரியாயிடும்."

அந்த இரண்டு செகண்டுதான் வேண்டாம் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். ஒட்டின சுவராக நாலு வீடு, நாலுக்கும் ஒரே லைன். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் இந்த வீட்டு பல்பு கண்ணைச் சிமிட்டும். யூ.பி.எஸ். என்று ஒன்று மேசைக்கடியில் இருக்கத்தான் இருந்தது. ஊரிலுள்ள யூ.பி.எஸ்ஸுக்கெல்லாம் பேட்டரி மாற்றிக்கொடுத்த மனுஷன் தன் கடையிலிருப்பதற்கு மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இப்போது அது பேருக்கு ஒரு பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

மேசைமேல் போட்டோ ஸ்டூடியோக்காரர் வேலைக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர், பக்கத் தகடைக் கழற்றிப்போட்ட நிலையில், ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு நீளக் கட்டம். அதற்குள் பச்சைக் கோடு ஒன்று நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. டிஸ்க்கில் பிரித்து வைத்த பார்ட்டிஷனை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன், அணைத்துவிடாதே என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கோடு இன்னும் பாதியைத் தாண்டவில்லை.

"என்ன சத்தம் இங்கே?" என்று கேட்டபடி நாத்தனார் வந்தாள்.

போனவருக்கு அவள் அக்கா. தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். சேதி கேட்டதும் போட்டிருந்த செருப்பு எது என்றுகூடப் பார்க்காமல் ஓடி வந்திருந்தாள், இரண்டும் இரண்டு தினுசு. பெட்டிக்குச் சொல்லியனுப்பியதும் அவள்தான். மகன் வெளியூரிலிருந்து கிளம்பிவிட்டான், வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். வெளியே வெயில் அடித்துக் கொளுத்துகிறது. பிள்ளை வந்து அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டாமா? அவள் கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

"அந்தக் கம்ப்யூட்டரை அணைச்சுட்டு ஆகற வேலையைப் பாருங்க" என்றாள் பெட்டிக்காரரிடம்.

"அணைக்கக்கூடாது அண்ணி."

"ஏன்?"

"வேலை ஓடிக்கிட்டு இருக்கு. அவரு ஆரம்பிச்சது. முடியற வரைக்கும் அணைக்கக்கூடாது."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என் தம்பி அங்கே வெறுந்தரையில கிடக்கான். நீ இங்கே கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. உனக்குக் கொஞ்சமாவது நெஞ்சுல ஈரம் இருக்கா?"

 அவள் ஸ்டூலை இழுத்து, பிளக்குக்குப் போகிற வழியை மறித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நடந்தது இதுதான். அந்தத் தெருவில் அவரை எல்லாரும் டிஸ்க்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிற மற்றவர்கள் எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மெஷினை ஓட்டுகிற ஓ.எஸ்ஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இவர் அழிக்க மாட்டார். "அழிச்சுட்டுப் போடறதுக்கு நான் எதுக்கு?" என்பார். மண்டையைப் போடுகிற நிலைமையில் இருக்கும் டிஸ்க்கைக் கொடுத்தாலும் உள்ளே இருப்பதை ஒரு பொட்டு குறையாமல் எடுத்துக் கொடுப்பார். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து, வேறு சொத்து அவர் சேர்க்கவில்லை.

ஸ்டூடியோக்காரருக்குப் புது ஓ.எஸ். வேண்டும். படம் திருத்துகிற புது புரோகிராம் பழைய ஓ.எஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறது. போடலாமென்றால் முன் பார்ட்டிஷனில் இடமில்லை. பின் பார்ட்டிஷனிலோ கல்யாணப் படங்களாகக் குவிந்திருந்தாலும் கடைசியில் காலியிடம் கிடக்கிறது. சின்ன முன்னறையும் பெரிய பின்னறையும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சுவரைப் பின்னால் தள்ளி வைத்தால் முன்னறை பெரிதாகும். சுவரைத் தள்ள வேண்டுமென்றால் பின்னறைச் சாமான் மொத்தத்தையும் முதலில் பின்னால் நகர்த்த வேண்டும். மெஷின் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பாதிச் சாமான் பழைய இடத்தில், பாதிச் சாமான் புது இடத்தில். இந்த நேரத்தில் கரண்ட் போனால் எது எங்கே இருக்கிறதென்று அந்த மெஷினுக்கே தெரியாது. மொத்தமும் குப்பை.

இந்த மாதிரி வேலைக்குக் கை வைக்கும் முன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைப்பது டிஸ்க்கண்ணனின் சட்டம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வார். இன்றைக்குக் காலையில் காப்பி எடுக்கவில்லை. காப்பி டிஸ்க்கை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டார். அவள் விடவில்லை. "காப்பி எடுக்காம கை வைக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்களுக்கு மட்டும் வேற சட்டமா?" என்று காய்கறி நறுக்கிக்கொண்டே சண்டை பிடித்தாள். அவர் கேட்கவில்லை. பாவம் ஸ்டூடியோக்காரர், முகூர்த்தச் சமயம், அவசரம் என்றார். பட்டனை அழுத்தினார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"வாயு போல இருக்கு. கொஞ்சம் டீ போடேன். நான் சாஞ்சுக்கறேன், நீ இதை ஒரு கண்ணு பாத்துக்கோ."

டீயோடு வந்தபோது சாய்ந்தவர் சாய்ந்தபடிதான் இருந்தார். கண் திரையைப் பார்த்தபடி இருந்தது.

அவளுக்கு அழுகை வராததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஆத்திரம். காப்பி எடுக்காமல் ஆரம்பித்ததற்கு ஆத்திரம், ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் போனதற்கு அதைவிட ஆத்திரம். இருபது வருஷமாக இந்த அறையில் ஸ்க்ரூவைக் கையில் ஏந்தி நின்றிருக்கிறாள், கேபிளைப் பிடித்திருக்கிறாள், டிஸ்க் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வியாதி என்று சொல்வாள். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு வேலையைப் பாதியில் விட்டு அவள் பார்த்ததில்லை. விட்டதுதான் விட்டார், எதை விட்டார் பாருங்கள்.

ஸ்டூடியோக்காரர் வந்தார். வாசலில் தயங்கி நின்று, செருப்பைக் கழற்றி, ஹாலில் போய்க் கும்பிட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்தான். ஆனால் துடைத்த கண் தன்னையறியாமல் கடை அறைப் பக்கம் போயிற்று. போன வேகத்தில் வெட்கப்பட்டுத் திரும்பியது. இழவு வீட்டில் போய் என் டிஸ்க் என்ன ஆச்சு என்று எப்படிக் கேட்பது? மனுஷர் நெளிந்துகொண்டு நின்றார்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, வந்து பாருங்க" என்று அவளே கூப்பிட்டாள்.

அவர் வந்து பார்த்தார். பக்கத்தில் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நிற்பதையும், பெட்டிக்காரர் ஒயரைச் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதையும் பார்த்தார். விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, போனா போகட்டும்ங்க. பிளக்கைப் பிடுங்கிக்கோங்க. அண்ணனைவிட அது ஒண்ணும் பெரிசில்லை. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்றார்.

"என்னத்தைச் சமாளிப்பீங்க? அத்தனை பேருக்கும் மறுபடியும் கல்யாணம் பண்ணி வைப்பீங்களா?"

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். நாத்தனார் அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்தாள். பிறகு குரலை இறக்கி, கொஞ்சம் கெஞ்சுகிற மாதிரியே பேசினாள்.

"இங்கே பாரும்மா. அவரே வேணாங்கறாரு. உனக்கு என்ன வந்துச்சு? இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும் என் தம்பி தாங்குவானா? பையன் வந்து பாக்கறப்போ முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சியா?"

யோசிக்காமல் என்ன. காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோட்டைப் பார்ப்பதும், வெளியே வெயிலைப் பார்ப்பதும், மனசுக்குள் இரண்டையும் எடை போடுவதுமாக இருந்தாள். 

"அண்ணி, அவரு போயிட்டாரு. நான் இல்லைன்னு சொல்லலை. இனிமே வெயில் அவரை ஒண்ணும் பண்ணாது. ஆனா இதைப் பிடுங்கினா நாளைக்கு ஊர் என்ன பேசும்? டிஸ்க்கண்ணன்கிட்ட கொடுத்தோம், எல்லாம் போச்சுன்னு பேசும். இத்தனை வருஷத்துல ஒருத்தர் அப்படிச் சொன்னதில்லை. அவரு கண்ணை மூடின அன்னிக்கே சொல்ல விடுவேனா? உங்க தம்பி பேரு அண்ணி அது. நான் எழுந்திருக்க மாட்டேன். வேணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கி வெளியே போடுங்க."

"உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு. இரு, உன் மகன்கிட்டயே கேக்கறேன்."

நாத்தனார் போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே பையன் குரல் கேட்டது.

"டேய் கண்ணு, உங்கம்மா பண்ற கூத்தைக் கேளுடா. உங்கப்பாவை ஃப்ரீசர் பெட்டியில வைக்க விட மாட்டேங்கறா. ஏதோ கம்ப்யூட்டர் ஓடுதாம், கரண்ட் இழுக்குமாம். நீயே சொல்லு."

 "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றான் பையன்.

"இருக்கேன்டா."

"சைஸ் மாத்தறதா, நகர்த்தறதாம்மா?"

"நகர்த்தறது."

"காப்பி இருக்குல்ல?"

"இல்லைடா. எடுக்கலை."

"ஐயோ, அப்பா..." என்றான் பையன். இந்த வீட்டில், இந்த மேசைக்கடியில் விளையாடி வளர்ந்தவன். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு அவன் குரல் உடைந்தது. சேதி கேட்டதிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முன்னால் வெடித்துவிட்டது.  அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"நிறுத்தாதீங்கம்மா. நான் வர்றப்போ அப்பா முகம் எப்படி இருந்தாலும் நான் பாத்துக்கறேன். அத்தை, கோவிச்சுக்காதீங்க. ஐஸ் கட்டி கிடைக்குமான்னு பாருங்க."

"அப்பனுக்கும் பிள்ளைக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே மாதிரி மூளை" என்று சொல்லி நாத்தனார் போனை அணைத்தாள். ஆனால் ஐஸ் என்றதும் அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐஸ் ஃபாக்டரி இருக்கிறது. அவள் ஸ்டூடியோக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

சாக்குப் பையில் சுற்றி, மரத்தூள் ஒட்டிக்கொண்டு, பாளம் பாளமாக ஐஸ் வந்து இறங்கியது. டிஸ்க்கண்ணனைச் சுற்றி அடுக்கினார்கள். தலைமாட்டில், இரண்டு பக்கமும், காலடியில். பெட்டிக்காரர் தன் தொழிலை மறந்து ஐஸ் உடைக்க உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பாவுக்கு இப்படித்தாங்க வெச்சோம். அப்போ பெட்டி ஏது?" என்றார்.

ஐஸ் சும்மா இருக்குமா? உருகியது. உருகின தண்ணீர் ஹாலின் சரிவைப் பார்த்து, எங்கே போகக்கூடாதோ அங்கே, கடை அறையை நோக்கி ஒரு கோடாக வந்தது. மேசைக்கடியில் ஒயர்கள் குடல் மாதிரி கிடந்தன. அவள் துள்ளி எழுந்து, அந்த அறை அலமாரியிலிருந்த அவருடைய பழைய சட்டைகளை வாரிக்கொண்டு வந்து நிலைப்படியில் அணை கட்டினாள். நனைய நனையப் பிழிந்து போட்டாள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியும் அதில் வந்துவிட்டது. பார்த்தாள், அதையும் வைத்து அடைத்தாள்.

வந்தவர்கள் ஹாலில் ஒரு பார்வை, கடை அறையில் ஒரு பார்வை என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். முதலில் முணுமுணுத்தவர்கள்தான் பிறகு ஒவ்வொருவராக எட்டிப்பார்த்து, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எழுபது என்றாள். எழுபத்தைந்து என்றாள். தெருமுனை அயர்ன்காரர் வந்து, "அண்ணி, நான் இன்னிக்கு இஸ்திரிப் பெட்டியையே தொடலை. நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செத்தவரைப் பற்றிப் பேச்சு வந்தது. என் பெண்ணோட படிப்பு மொத்தமும் அதுல இருந்துச்சு, மீட்டுக் கொடுத்தாரு என்றார் ஒருவர். எங்க ஆபீஸ் மெஷினு என்று ஆரம்பித்தார் இன்னொருவர். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தம்பி தலைமாட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இதில் பாதி தெரியாது.

கோடு கடைசிக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

எங்கேயோ ஒரு மோட்டார் உறுமியது. ஹாலில் விளக்கு மஞ்சளாக மங்கியது. மின்விசிறி தளர்ந்தது. மேசைக்கடியில் யூ.பி.எஸ். கீ கீ என்று கத்தத் தொடங்கியது. திரை ஒரு தடவை வெட்டியது. அவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கட்டிப் பிடித்தால் கரண்ட் நிற்குமா என்ன? நிற்காதென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டாள். டிஸ்க்கின் கிர் சத்தம் அவள் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. "போகாதே, போகாதே" என்று வாய்விட்டே சொன்னாள். காலையில் அவரிடம் சொல்ல நேரம் கிடைக்காதது, இதனிடம் வந்தது.

நாத்தனார் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு மனசு மாறிவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தன் தம்பி ஆரம்பித்த வேலையை எவனோ ஊரான் தண்ணீர் மோட்டார் போட்டுக் கெடுப்பதா? விசிறியை வீசி எறிந்தாள். இரண்டு தினுசுச் செருப்பையும் மாட்டாமல் வெறுங்காலோடு தெருவுக்குப் போனாள். அவள் குரல் கடைசி வீடு வரை கேட்டது.

"எவன்டா மோட்டார் போட்டது? அணைடா அதை! ஒரு வீட்டுல ஒரு பல்பு எரியக்கூடாது, சொல்லிட்டேன்! ஃப்ரிட்ஜ், டிவி, எல்லாத்தையும் நிறுத்துங்க! என் தம்பி வேலை இன்னும் முடியலை!"

மோட்டார் நின்றது. அடுத்தடுத்து நாலு வீட்டிலும் பட் பட்டென்று ஸ்விட்ச் அணையும் சத்தம் கேட்டது. இங்கேயும் யாரோ எழுந்து ஹால் மின்விசிறியை நிறுத்தினார்கள். விளக்கை நிறுத்தினார்கள். பட்டப்பகலில் அந்த வரிசை மொத்தமும் அடங்கிப்போயிற்று. வந்திருந்த ஜனம் வியர்த்து வடிந்துகொண்டு, கையில் கிடைத்த காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யூ.பி.எஸ். கத்துவதை நிறுத்தியது. அந்த வரிசையிலேயே அந்த ஒரு மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "நிக்குதா, ஓடுதா?"

"ஓடுது அண்ணி."

"எவ்வளவு?"

"தொண்ணூத்தி ஆறு."

நாத்தனார் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.  இரண்டு பேரும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பாளம் ஒன்று உருகிச் சரிந்து தடாலென்று விழுந்த சத்தத்தில் மட்டும் நாத்தனார் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

கோடு முடிந்தது. கொட்டு மேளமெல்லாம் இல்லை. எல்லா வேலையும் முடிந்தது என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது, அவ்வளவுதான். ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐஸ் தூக்கிய கை, இன்னும் சிவந்து விறைத்திருந்தது.

"நீங்களே திறந்து பாருங்க."

அவர் பயந்து பயந்து ஒரு ஃபோல்டரைத் திறந்தார். ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னொன்றைத் திறந்தார், இன்னொரு கல்யாணம். வரிசையாகத் திறந்துகொண்டே போனார். கடைசியில் திறப்பதை விட்டுவிட்டு, மேசைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"எல்லாம் இருக்குல்ல?" என்று அவள் கேட்டாள். கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் அவள் விடுவதாக இல்லை.

"இருக்குங்க அண்ணி. ஒண்ணுகூடக் குறையலை."

"சரி. முன் பார்ட்டிஷன்ல இப்போ தாராளமா இடம் இருக்கு. இனிமே ஓ.எஸ். போடறதுதான் பாக்கி. அது சின்ன வேலை, நடுவுல கரண்ட் போனாலும் திரும்பப் போட்டுக்கலாம். நான் போட்டுத் தர்றேன். அடுத்த வாரம் வாங்க."

"நீயா போடுவே?" என்று கேட்டாள் நாத்தனார்.

"நான்தான் போடுவேன்."

நாத்தனார் எழுந்து தம்பி தலைமாட்டுக்குப் போனாள்.

அவள் மெஷினை முறைப்படி அணைத்தாள். காற்றாடி நின்று, டிஸ்க் சுற்றி ஓயும் வரை காத்திருந்தாள். பிறகு குனிந்து, மேசைக்கடியில் கையை விட்டு, அந்தப் பெரிய பிளக்கைத் தானே பிடுங்கினாள். பிளக் சுட்டது. "மாட்டிக்கோங்க" என்று பெட்டிக்காரரிடம் சொன்னாள்.

அவர்கள் ஐஸை ஒதுக்கி, பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்ததும், விளக்குகளைத் திரும்பப் போட்டிருந்த தெருவே ஒரு தடவை மங்கி, மறுபடி பளிச்சென்றாயிற்று. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாலு பேர் அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். பெட்டிக்காரர் கண்ணாடி மூடியை ஏந்திக்கொண்டு நின்றார்.

அவளுக்கு இனிமேல் அந்த அறையில் உட்கார்ந்திருக்க ஒரு வேலையும் இல்லை. நிலைப்படியில் குவிந்துகிடந்த ஈரச் சட்டைகளைத் தாண்டி ஹாலுக்கு வந்தாள். காலையிலிருந்து இதுதான் முதல் தடவை. ஜனம் விலகி வழிவிட்டது. குனிந்து பார்த்தாள். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் படிந்திருந்தது. மீசையில் ஒரு மரத்தூள் ஒட்டியிருந்தது. காதுக்குள் ஐஸ் தண்ணீர் போய்த் தேங்கி நின்றது.

"மூடிடலாங்களா?" என்று பெட்டிக்காரர் கேட்டார்.

"இருங்க."

முந்தானை நுனியைத் திரியாக முறுக்கினாள். அவர் தலையைப் பைய ஒரு பக்கம் சாய்த்து, காதுக்குள் விட்டுத் துடைத்தாள். தண்ணீரெல்லாம் வந்துவிட்டதா என்று மறுபடியும் விட்டுப் பார்த்தாள். பிறகு தலையை மற்றப் பக்கம் திருப்பினாள்.  பெட்டிக்காரர் மூடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.